ஸ்ட்ராட்ஃபோர்டு தந்த குரல்

லண்டன் மியூசிக்கல் எனும் இசைநாடகம் என்றால் எல்லோருக்கும் வெஸ்ட் எண்ட் விளக்குகள்தான் நினைவுக்கு வரும். ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கும் எனக்கோ பக்கத்து ஸ்ட்ராட்ஃபோர்டின் தியேட்டர் ராயல். 1884இல் கட்டிய அரங்கம் அது. 1953இல் இயக்குநர் ஜோன் லிட்டில்வுட் தன் தியேட்டர் வொர்க்‌ஷாப் குழுவோடு வந்தபோது பாழடைந்து கிடந்தது. நடிகர்களே கூட்டிப் பெருக்கி, வண்ணம் பூசி, அங்கேயே படுத்துறங்கினார்கள்.

அன்றைய லண்டன் மேடையில் உழைப்பாளிக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் வேலைக்காரன் வேடமும் கோமாளி வேடமும்தான். லிட்டில்வுட் அவனை நடுமேடையில் நிறுத்தினார். 1959இல், சிறையிலிருந்து வந்த ஃபிராங்க் நார்மன் எழுதிய சோஹோ சூதாட்ட விடுதிக் கதை இங்கே மேடையேறியது. பாத்திரங்கள் லண்டன் உழைப்பாளிகளின் அசல் காக்னிப் பேச்சில் பேசின. பாட்டுகள் லயனல் பார்ட்டுடையவை. அவர் ஈஸ்ட் எண்ட் யூதத் தையல்காரரின் மகன். இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. அவர் பாடிக்காட்ட, தெரிந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

மறு ஆண்டு வெஸ்ட் எண்டில் அவருடைய ‘ஆலிவர்!’ அரங்கேறியது. ஷான் கென்னி அமைத்த மரப்படிகளும் மேடைகளும் பார்வையாளர் கண்ணெதிரே சுழன்று ஏழைகள் விடுதியாகவும் திருடர் குகையாகவும் மாறின. 2,618 காட்சிகள் ஓடியது.

இதற்கெல்லாம் நடுவே தணிக்கை. 1737 முதல் நாடகப் பிரதியை லார்டு சேம்பர்லின் அலுவலகம் படித்து அனுமதித்த பிறகே நடிக்க முடிந்தது. ஒத்திகையிலும் மேடையிலும் வசனத்தை வளர்ப்பது லிட்டில்வுட்டின் முறை. அதற்காகவே 1958இல் குழுவினர் வழக்கில் சிக்கி அபராதம் கட்டினார்கள். அப்படியும் அடங்கவில்லை. 1963இல் முதல் உலகப்போரைக் கோமாளி உடையில், சிப்பாய்களின் பாட்டுகளோடு நடித்தார்கள்; தலைக்குமேல் விளக்குப் பலகையில் செத்தவர்களின் எண்ணிக்கை ஓடியது. 1968 செப்டம்பரில் தணிக்கை ஒழிந்தது. மறுநாளே லண்டனில் ‘ஹேர்’ மியூசிக்கல் தொடங்கியது.

1981இல் ‘கேட்ஸ்’ வந்தபின் மியூசிக்கல் உலகச் சந்தைக்கான பெருந்தொழிலானது. பார்ட்டோ ‘ஆலிவர்!’ உரிமையை அற்ப விலைக்கு விற்று, 1972இல் திவாலானார். ஆக்கியவனைக் காக்காத தொழிலின் செழிப்பை நான் வெற்றி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எழுபதுகளில் ஸ்ட்ராட்ஃபோர்டில் சுற்றியிருந்த கட்டடங்கள் இடிபட்டபோது, ஊரார் போராடித்தான் தியேட்டர் ராயல் பிழைத்தது. இன்றும் நாடகம் நடக்கிறது. லண்டனுக்கு வருகிறவர்கள் வெஸ்ட் எண்டைப் பாருங்கள்; ஒரு மாலையை ஸ்ட்ராட்ஃபோர்டுக்கும் ஒதுக்குங்கள். நீங்கள் வாங்கும் டிக்கெட்டாலும் அது வாழ்கிறது.