மின்னொளியும் மக்கள் கடனும்

மின்விளக்கு எரிவதற்கு நீர் மட்டும் போதாது; பணமும் வேண்டும். அந்தப் பணம் யாருடையது? அதற்கு வட்டி கட்டியவர் யார்? ஒளி பெற்றவர் யார்? அணைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இம்மூன்று கேள்விகளையும் தாண்டிச் சென்று விடுகின்றனர்.

இலங்கையின் மலைநீரைக் கொண்டு மின்சாரம் ஆக்கலாம் என்பதை 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர ஆய்வுரையொன்றில் எடுத்துக் காட்டினார். 1924இல் தொடங்கிய லக்சபான வேலை இடையில் நின்று, 1950இலேயே பயன் தந்தது. அதன் அடுத்த கட்டத்துக்கு உலக வங்கி 1954இல் சுமார் 191 இலட்சம் டொலர் கடன் அளித்தது. அவ்வங்கியோ முறிகளை விற்றுப் பணம் திரட்டும் நிறுவனம். அக்கடனை அடைக்க வேண்டிய அந்நியச் செலாவணியை முதன்மையாக ஈட்டித் தந்தது தேயிலை. கொழுந்து பறித்த கைகளுக்கோ 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோர் என்னும் பெயரைச் சூட்டியிருந்தது. கடனில் பங்குண்டு, நாட்டில் பங்கில்லை!

இனி ஊவாவுக்கு வருவோம். வெலிமடைப் பக்கத்து உமா ஓயா நீரைச் சுரங்கவழியே தெற்கே திருப்பி, 120 மெகாவாற்று மின்சாரம் ஆக்கி, மொனராகலை மாவட்டத்தின் வறண்ட வயல்களுக்குப் பாய்ச்சும் திட்டம் 2008இல் தொடங்கப்பட்டது. பெரும்பகுதிப் பணத்தை ஈரானிய வங்கி தருவதாக ஏற்பாடு. பொருளாதாரத் தடைகளால் சுமார் 5 கோடி டொலரோடு அக்கடன் நின்றது. எஞ்சிய சுமை இலங்கைத் திறைசேரியின் தலையில் விழுந்தது. 2014 டிசம்பரில் சுரங்கத்துள் நீர் பீறிட்டது; பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. 2024 ஏப்ரல் 24இல் திட்டம் திறந்து வைக்கப்பட்டது.

திறைசேரியின் பணம் வானத்திலிருந்து பொழிவதன்று. வரி போதாதபோது அது முறிகளை விற்கிறது. அவற்றை வாங்குவோருள் முதன்மையானது, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஊழியர் சேமலாப நிதி. தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12 என்று சேரும் பணம் அது. ஆகவே லயத்தில் வாழும் தொழிலாளி வெறும் கடனாளியல்லன். அரசுக்குக் கடன் கொடுத்தவனும் அவனே!

2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்தது. மறு ஆண்டு உள்நாட்டுக் கடன் சீரமைக்கப்பட்டபோது, வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் விலக்கப்பட்டன. சேமலாப நிதியின் முறிகளோ நீண்ட தவணைக்கு மாற்றப்பட்டன. 2025 வரை நூற்றுக்கு 12, பின்னர் 9 என வட்டி வரையறுக்கப்பட்டது. சுமையைத் தாங்கும் தோள் எது என்பதில் நம் ஆட்சியாளருக்கு ஒருநாளும் ஐயம் ஏற்பட்டதில்லை.

இன்று உலகெங்கும் 'பசுமை முறி' பேசப்படுகிறது. 2016இல் போலந்து அரசு முதன்முதல் வெளியிட்டது. 2023 ஜனவரியில் இந்தியா 8,000 கோடி ரூபாய்க்கு வெளியிட்டது. பொது முறியின் பணம் எங்கே சென்றதென்று கேட்க வழியில்லை. பசுமை முறியிலோ செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இது நல்ல முன்னேற்றமே. ஆயினும் அக்கணக்கு முதலீட்டாளனுக்கு மட்டும் உரியதாயின், வற்றிய கிணற்றுக்கு அதில் இடமேது? காற்றுக்கும் கதிரவனுக்கும் கடன் வாங்கும் நாள் ஊவாவுக்கும் வரும். அன்று, கடன் கொடுத்த உழைப்பாளியின் முன்னும் அந்தக் கணக்கேடு விரிக்கப்பட வேண்டும். அதைக் கேட்கும் உரிமையை மாணவருக்கு உணர்த்துவதே வரலாற்றுக் கல்வியின் பணி.