ஸ்மார்ட் கிரிட்டும் காணாமல் போன மீட்டரும்

"ஸ்மார்ட் கிரிட்" என்ற சொல் இன்று அடிக்கடி காதில் விழுகிறது. மின்சாரத்தோடு தகவலும் சேர்ந்து, இரு திசையிலும் ஓடும் மின் தொகுப்பு என்று அதற்குச் சுருக்கமாக விளக்கம் சொல்லலாம். எந்தத் தெருவில் எவ்வளவு சுமை, எங்கே பழுது, எந்த நேரத்தில் மின்சாரம் மலிவு என்பதெல்லாம் உடனுக்குடன் தெரிந்தால், அதற்கேற்ப மின்சாரத்தைப் பங்கிடலாம். பணக்கார நாடுகளில் இது ஏற்கெனவே ஒழுங்காக ஓடும் ஒன்றை மேலும் மெருகேற்றும் வேலை. இந்தியாவில் கேள்வியே வேறு. யார் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறார்கள் என்றே தெரியாத இடத்தில் எதை வைத்துத் திட்டமிடுவது?

தீவுகளாக இருந்த மின்சாரம்

இந்தியாவில் மின்சாரம் தனித்தனித் தீவுகளாகத்தான் பிறந்தது. 1902ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலார் தங்க வயலுக்குக் கம்பி இழுத்தார்கள். 1932ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவை ஆலைகளுக்கு அது பெரிய பலமாக அமைந்தது. 1948ல் வந்த மின்சார வழங்கல் சட்டத்தின்படி மாநில மின்சார வாரியங்கள் உருவாயின. சென்னை மாநில மின்சார வாரியம் 1957ல் பிறந்தது. அறுபதுகளில் நாடு ஐந்து மின் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, அண்டை மாநிலங்களின் கம்பிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன.

கம்பிகள் இணைந்தன, ஆனால் பொறுப்பு இணையவில்லை. ஒரு மாநிலம் தன் பங்குக்கு மேல் எடுத்தால் அதைத் தடுக்க வலுவான வழி எதுவும் இருக்கவில்லை.

50 ஹெர்ட்ஸ் படுத்திய பாடு

இந்தியாவில் மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். பாரம் கூடினால் மாட்டு வண்டியின் வேகம் குறைவது போல, தேவை கூடினால் அலைவெண் இறங்கும். தேவை குறைந்தால் ஏறும். தொண்ணூறுகளில் இது 48க்கும் 52க்கும் இடையே ஊசலாடியது. பற்றாக்குறை மிகுந்த தென் மண்டலத்தில் பெரும்பாலும் தாழ்ந்தே கிடந்தது. உபரி இருந்த கிழக்கு மண்டலத்தில் உயர்ந்தே நின்றது. உற்பத்தி நிலையங்களுக்கோ அதிகம் உற்பத்தி செய்தால் ஊக்கத்தொகை கிடைத்தது. அதனால் யாருக்கும் வேண்டாத நள்ளிரவிலும் அவை ஓடிக்கொண்டே இருந்தன.

இதற்கு மருந்தாக வந்ததே ஏ.பி.டி. என்ற கட்டண முறை. இந்த யோசனையை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் பொறியாளர் பானு பூஷண். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2000ல் இதற்கான ஆணையைப் பிறப்பித்தது. 2002 ஜூலையில் மேற்கு மண்டலத்தில் தொடங்கி, 2003 ஜனவரியில் தென் மண்டலத்துக்கும், அந்த ஆண்டு முடிவதற்குள் மற்ற மண்டலங்களுக்கும் இது வந்துவிட்டது.

இதன் அடிப்படை மிக எளிது. மாநில எல்லைகளில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் மீட்டர்கள் வைக்கப்பட்டன. ஒப்புக்கொண்ட அளவை விட்டு விலகி எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும், அந்த நேரத்து அலைவெண்ணைப் பொறுத்து விலை. அலைவெண் 50.5க்குப் போய்விட்டால் விலை பூஜ்யம். 49ஐ நோக்கி இறங்க இறங்க விலை ஏறும். தொடக்கத்தில் உச்ச விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 20 காசு. ஒரு மண்டலம் முழுவதும் அலைவெண் ஒன்றே என்பதால், விலை என்ன என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சுவரில் மாட்டிய ஒரு கருவியே சொல்லிவிடும்! ஓரிரு ஆண்டுகளிலேயே அலைவெண் கண்ணில் படும் அளவுக்குச் சீரடைந்தது. ஸ்மார்ட் கிரிட் என்ற சொல் பரவும் முன்பே இந்திய மின் தொகுப்பின் மேல்தட்டுக்கு இப்படி ஓரளவு புத்தி வந்துவிட்டது.

கீழே நடந்தது என்ன?

கீழ்த்தட்டில் கதை தலைகீழ். பசுமைப் புரட்சிக் காலத்தில் பம்பு செட்டுகள் பெருகின. தமிழகத்தில் மின் கட்டண உயர்வை எதிர்த்து எழுபதுகளில் விவசாயிகள் கடுமையாகப் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. பின்னர் எண்பதுகளில் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. பல மாநிலங்களில் இலவசமாகவோ, குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்றோ கணக்கு வைத்தார்கள். இரண்டிலும் மீட்டருக்கு வேலை இல்லை.

இதில் விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. மீட்டர் இல்லாத பம்பு செட் எவ்வளவு இழுத்தது என்பதை வாரியங்கள் மதிப்பீடாகவே எழுதின. திருட்டையும் கம்பியில் போகும் இழப்பையும் அந்தக் கணக்கிலேயே மறைத்துவிட முடிந்தது. அளக்காமல் இருப்பது வாரியத்துக்கும் வசதியாகத்தான் இருந்தது!

2003ன் மின்சாரச் சட்டம், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மீட்டர் இல்லாமல் யாருக்கும் மின்சாரம் தரக்கூடாது என்று 55வது பிரிவில் சொன்னது. அவகாசத்தை மாநில ஆணையங்கள் நீட்டிக்கலாம் என்றும் அதே பிரிவில் இருந்தது. நீட்டித்தார்கள். தமிழகத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை இன்றும் மீட்டர் இல்லாதவை.

இரண்டு மாநிலங்கள், இரண்டு வழிகள்

குஜராத் 2003ல் ஜோதிகிராம் திட்டத்தைத் தொடங்கியது. வீடுகளுக்கு ஒரு கம்பி, வயல்களுக்கு வேறு கம்பி. மூன்றே ஆண்டுகளில் சுமார் 18,000 கிராமங்களில் வீடுகளுக்கு 24 மணி நேர மின்சாரமும், வயல்களுக்கு நேரம் குறித்த 8 மணி நேர மும்முனை மின்சாரமும் கிடைத்தன. ஒவ்வொரு பம்பிலும் மீட்டர் வைக்காமலே, வயல்களுக்கு மொத்தமாக எவ்வளவு போகிறது என்பது தெரிந்தது. ஆனால் சொந்தக் கிணறு இல்லாமல், பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் விலைக்கு வாங்கிப் பயிர் செய்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள்.

மேற்கு வங்கம் 2007 வாக்கில் ஆழ்குழாய்க் கிணறுகளுக்கே மீட்டர் பொருத்தியது. இரவில் மலிவு, மாலையில் விலை அதிகம் என நேரத்துக்கு ஏற்ற கட்டணம். தொலைவிலிருந்தே அளவைப் படிக்கும் வசதியும் இருந்தது. அங்கே பெரிய எதிர்ப்பு எழவில்லை. காரணம் எளிது. அதுவரை கட்டிவந்த நிலைக் கட்டணம் மிக அதிகம். மீட்டர் வந்தால் பல விவசாயிகளுக்குச் செலவு குறையும். இலவசமாகப் பெறும் விவசாயிக்கோ மீட்டர் என்பது நாளைக்கு வரப்போகும் பில்லின் முன்னறிவிப்பு. ஒரே கருவி, அது எதைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கைதான் வேறு.

2012 ஜூலை

2012 ஜூலை 30 அன்று வட மண்டல மின் தொகுப்பு சரிந்தது. மறுநாள் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து சரிந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருண்டது. ரயில்கள் நின்றன. மேற்கு வங்கத்தில் சுரங்கத்துக்குள் தொழிலாளர்கள் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டார்கள். பினா - குவாலியர் 400 கிலோவோல்ட் கம்பியில் உண்மையில் பழுது எதுவும் இல்லை. மிகுந்த சுமையைப் பழுது என்று எடுத்துக்கொண்டு பாதுகாப்பு ரிலே அதைத் துண்டித்துவிட்டது. மாநிலங்கள் அளவுக்கு மீறி எடுத்ததும், நிறுத்தச் சொன்ன கட்டுப்பாட்டு அறையின் பேச்சைக் கேட்காததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. விலை மட்டுமே போதாது, கட்டுப்பாடும் வேண்டும் என்பது புரிந்தது. 2014ல் பழைய விலகல் கட்டண முறை போய், கடுமையான விதிகள் வந்தன.

வடக்கோடு ஒரே அலைவெண்ணில் இணையாமல் இருந்ததால் அன்று தென் மண்டலம் தப்பியது. 2013 டிசம்பர் 31ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் கம்பி வழியாக அதுவும் இணைந்தது. நாடு முழுவதும் ஒரே தொகுப்பு ஆனது.

இனி?

2013ல் ஸ்மார்ட் கிரிட்டுக்கான தொலைநோக்குத் திட்டம் வெளியானது. 2015ல் தேசிய இயக்கம் தொடங்கியது. 2021ல் 2025 மார்ச்சுக்குள் 25 கோடி ப்ரீபெய்ட் ஸ்மார்ட் மீட்டர்கள் என்று இலக்கு வைத்தார்கள். அந்தக் கெடுவுக்குள் அது எட்டப்படவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 25 கோடியில் விவசாய இணைப்புகள் சேரவே இல்லை!

மாநிலங்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்த மீட்டர் கணினி யுகத்தின் அதிசயம் அல்ல. எடுத்ததற்குக் கணக்கு, கணக்குக்கு விலை, எல்லோருக்கும் ஒரே விதி, அவ்வளவுதான். கிராமத்துக் கிணற்றடிக்கு அது போய்ச் சேரவில்லை. மானியம் தருவது அரசின் முடிவு. ஆனால் எவ்வளவு தருகிறோம் என்பதை அளந்து தரலாம். அளப்பது பறிப்பதற்காக அல்ல என்று விவசாயி நம்பும்படி நடந்துகொள்வதுதான் திட்டத்தின் முதல் வேலை. கருவிகள் அதற்குப் பிறகு வரலாம்.