2147483647

2147483647 (இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு) என்பது பத்து இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண். 2³¹ − 1 என்பதன் மதிப்பு இது. எண் கோட்பாடு, கணினியியல் ஆகிய இரு துறைகளிலும் இந்த எண் பெரிதும் பேசப்படுகிறது.

வகைப்பாடு

2ⁿ − 1 என்ற வடிவில் அமையும் பகா எண்கள் மெர்சென் பகா எண்கள் எனப்படும். 3, 7, 31, 127, 8191, 131071, 524287 ஆகியவற்றை அடுத்து வரும் இது எட்டாவது மெர்சென் பகா எண். இதன் அடுக்கான 31-உம் ஒரு மெர்சென் பகா எண்ணே. எனவே இது இரட்டை மெர்சென் பகா எண் என்ற அரிய வகையிலும் சேரும். அவ்வகையில் இதுவரை அறியப்பட்டவை நான்கு மட்டுமே: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1.

தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக இருக்கும் எண் நிறைவெண். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணிலிருந்தும் ஒரு நிறைவெண் பிறக்கும் என்பது யூக்ளிட் காலத்திலேயே தெரிந்த உண்மை. 2147483647-ஐ 2³⁰ ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண்ணான 2305843008139952128 கிடைக்கிறது.

நிறுவப்பட்ட வரலாறு

இத்தாலியக் கணிதவியலாளர் பியெத்ரோ கதால்டி, 1603இல் வெளியிட்ட நூலில் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்றார். 31 மட்டுமே சரியானது. மற்ற மூன்றும் பின்னர் பிழையெனக் காட்டப்பட்டன. சான்றாக, 2²³ − 1 என்பது 47 ஆல் வகுபடும். பிரெஞ்சுத் துறவி மரான் மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது. ஆனால் இருவரிடமும் நிறுவல் இல்லை.

நிறுவியவர் லியோனார்டு ஆய்லர். பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்த நிலையில், 1772இல் யோகான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இதை அறிவித்தார். இவ்வெண்ணுக்குப் பகா வகுஎண் இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். எண்ணின் வர்க்கமூலமான சுமார் 46341 வரை அத்தகைய பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணாக இது நீடித்தது. இதிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணை விடப் பெரியதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811இல் பீட்டர் பார்லோ எழுதினார். 1876இல் எடுவார்டு லூகா, 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என நிறுவி அக்கூற்றைப் பொய்யாக்கினார்.

கணினியில்

இரும முறையில் இது 31 ஒன்றுகளின் தொடர். ஒரு முழு எண்ணைச் சேமிக்க ஒதுக்கப்படும் 32 பிட்டுகளில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடுவதால், மீதமுள்ள 31 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுவே. 2014இல் ‘கங்னம் ஸ்டைல்’ பாடலின் பார்வைகள் இந்த வரம்பைத் தாண்டியபோது, யூடியூப் 64 பிட் எண்ணிக்கைக்கு மாறியிருந்தது.

யுனிக்ஸ் முறை, 1970 ஜனவரி 1 முதலான நொடிகளை எண்ணி நேரத்தைக் கணக்கிடுகிறது. 32 பிட் கடிகாரங்களில் அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரப்படி காலை 8:44:07 மணிக்கு 2147483647ஐ எட்டும். அடுத்த நொடியில் அவை 1901 டிசம்பருக்குப் பின்வாங்கும். 64 பிட்டுக்கு மாற்றப்பட்ட கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.