சிலோன் பாட்டியின் தகரப் பெட்டி

மஞ்சக் காட்டுல களை எடுக்க வர்ற பாட்டிக்கு எங்க ஊர்ல பேரே சிலோன் பாட்டிதான். போன மாசம் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுக்கக் கூட்டிட்டுப் போயிருந்தேன். பிறந்த ஊர் அட்டன்னு பார்த்ததும் எதிர்ல இருந்தவர், "அகதியா? முகாம்ல போய்க் கேளுங்க"ன்னுட்டார். பாட்டிக்கு வந்துச்சே கோபம்! "நான் அகதியில்ல சாமி, பாஸ்போட்டோட வந்தவ."

1983 கலவரத்துக்கு அப்புறம் உயிருக்குப் பயந்து வந்தவங்க அகதிகள். பாட்டி வந்தது அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, ரெண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட்டு அனுப்பின கணக்குல. தாயகம் திரும்பியோர்னு அதுக்குப் பேரு.

வெள்ளைக்காரன் காலத்துல இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவங்களோட பேத்தி அவங்க. 1948ல சிலோன் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டுச்சு. அங்கே பிறந்தா மட்டும் பத்தாது. அப்பாவும் அங்கே பிறந்திருக்கணும், இல்லேன்னா அப்பா வழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பிறந்திருக்கணும். அதுக்குக் காகிதம் காட்டணும். லயத்துல பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்துல யார் போய்ப் பதிஞ்சா? எங்க தாத்தாவுக்கே பிறந்த தேதி "பெரிய பஞ்சத்துக்கு அடுத்த வருஷம்"தான்!

இப்படி லட்சக்கணக்கான பேர் எந்த நாட்டுக்காரங்களும் இல்லாம நின்னாங்க. 1964 அக்டோபர் 30ல சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேரைப் பிரிச்சாங்க. இந்தியாவுக்கு 5,25,000, சிலோனுக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974ல ஆளுக்குப் பாதி. வரப்புத் தகராறுக்கே நாலு பங்காளியைக் கூப்பிட்டு உக்கார வைக்கிற ஊர் நம்மளது. ஒப்பந்தம் போடறப்ப இவங்களை யாரும் கேக்கலை.

தலைமன்னாருக்கு வந்த ரயிலை 'அழுகைக் கோச்சி'ம்பாங்க பாட்டி. அங்கிருந்து கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். நீலகிரியில டான்டீ தோட்டத்துக்குப் போனவங்களுக்காவது தெரிஞ்ச வேலை கிடைச்சுது. பாட்டி வீட்டுக்காரருக்கு எழுதினது இந்தப் பக்கம். தேயிலை கிள்ளின கை களைக்கொட்டு பிடிச்சுது.

மறுநாள் பிஸ்கட் தகரப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க. உள்ளே கண்டியில வாங்கின இந்திய பாஸ்போர்ட், மண்டபத்துல கொடுத்த குடும்ப அட்டை. அட்டையோட ஓரத்தைக் கரையான் தின்னிருக்கு. பேரும் தேதியும் தப்பிச்சிடுச்சு. மூணு நகல் எடுத்தேன். அந்த ஆள் ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்துட்டு மனுவை வாங்கிக்கிட்டார்.

"ஒரிஜினலைக் கொடுத்துடாதப்பா"ன்னு பாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாங்க.