கரை தொடாத கிளைடர்கள்

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. வேறொரு விமானம் அதைக் கயிற்றால் இழுத்துச் சென்று உயரத்தில் விட்டுவிடும். அதன்பின் அந்த உயரம் ஒன்றே அதன் கையிருப்பு. இறங்குமிடத்துக்கு முன்பே அது தீர்ந்துபோனால், மீண்டும் மேலெழுந்து ஒரு சுற்று சுற்றி வரும் வாய்ப்பு விமானிக்கு இல்லை. இந்த எளிய உண்மையைப் போர்த் திட்டம் வகுப்பவர்கள் மறந்தால் என்ன நிகழும் என்பதற்கு, 1943 ஜூலை 9 இரவு சிசிலிக் கரையோரத்தில் நடந்ததே சான்று.

சிராக்யூஸ் நகருக்குத் தெற்கே உள்ள போன்டே கிராண்டே பாலத்தைக் கைப்பற்ற, பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்று 144 கிளைடர்களில் துனிசியாவிலிருந்து கிளம்பியது. பெரும்பாலானவை அமெரிக்க வாகோ வகையைச் சேர்ந்தவை. அவற்றை ஓட்டவிருந்த பிரிட்டிஷ் விமானிகளுக்குக் கிடைத்த பயிற்சியோ சில மணி நேரமே. விமானிகளின் தலைவர் ஜார்ஜ் சாட்டர்டன், இரவில் இது தற்கொலைக்கு ஒப்பானது என்று வாதிட்டார். மறுத்தால் பதவி போகும் என்றார் ஜெனரல் ஹாப்கின்சன். சாட்டர்டன் பணிந்தார்.

கரைக்கு 3000 கெஜம் முன்பாகவே, கடலுக்கு மேலே கயிற்றை விடவேண்டும் என்பது திட்டம். அன்றோ கரையிலிருந்து கடும் எதிர்க்காற்று. இழுவை விமானங்களுக்குக் கவசமில்லை. அவற்றை ஓட்டியவர்களில் பலருக்குப் போர் அனுபவமும் இல்லை. பீரங்கிகள் முழங்கத் தொடங்கியதும் பலர் தொலைவிலேயே கிளைடர்களை விடுவித்துத் திரும்பினர். 65க்குக் குறையாத கிளைடர்கள் கடலில் விழுந்தன. சுமார் 250 வீரர்கள் மூழ்கி மாண்டனர். ஆணையிட்ட ஹாப்கின்சனும் எதிர்த்த சாட்டர்டனும்கூடக் கடலில்தான் விழுந்தார்கள், இருவரும் பிழைத்தார்கள்.

பாலத்தை எட்டியவர்கள் ஏறத்தாழ 87 பேர். தோட்டா தீரும்வரை அதைக் காத்தார்கள். சரணடையும்போது காயமின்றி எஞ்சியோர் சுமார் பதினைந்து பேர். ஆனால் வெடிகளை அவர்கள் முன்பே அகற்றியிருந்ததால் எதிரியால் பாலத்தைத் தகர்க்க இயலவில்லை. தரைப்படை வந்து அதை மீட்டது.

இழுவை விமானிகளின் அச்சமும் காற்றும் பழியை ஏற்றன. ஆனால் 1944 ஜூன் 6 அதிகாலை இருளில், நார்மண்டியின் பெகாசஸ் பாலத்தருகே சில பத்து கெஜத்துக்குள் கிளைடர்கள் வந்திறங்கின. முதலாவதை ஓட்டிய ஜிம் வால்வொர்க், சிசிலிக்கும் பறந்தவர். இடையில் சேர்ந்தது மாதக்கணக்கான இரவுப் பயிற்சி. அந்த அவகாசத்தைத்தான் சாட்டர்டன் கேட்டிருந்தார். அது மறுக்கப்பட்டதை விதி என்று அழைக்க வரலாற்றுக்கு உரிமையில்லை.