செப்புத் தகட்டில் ஒரு பூங்கா

கொட்டாஞ்சேனை மேட்டின்மேல் நிற்கும் வுல்வெண்டால் தேவாலயத்தைக் கொழும்பு மக்கள் நன்கறிவர். 1749ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கி 1757இல் நிறைவுசெய்த ஆலயம் அது. இத்துணைத் திண்ணிய சுவர் எழுப்பியவர்கள் தம் தாயகத்தில் பூங்காக்களை எவ்வாறு அமைத்தனர்? அதனைக் காட்டுவன பழைய செப்புத்தகட்டு ஓவியங்கள்.

ஆரஞ்சு வமிசத்து இளவரசர் மூன்றாம் வில்லியமும் அவர் தேவி மேரியும் 1685ஆம் ஆண்டளவில் ஹெட் லோ என்னுமிடத்தில் ஒரு மாளிகையையும் பூங்காவையும் அமைக்கத் தொடங்கினர். ரோமைன் டி ஹோகே என்னும் ஓவியர் அதனைத் தகட்டில் பொறித்தார். பறவை வானிலிருந்து நோக்குவதுபோன்ற காட்சி, நூல் பிடித்தாற்போன்ற நடைபாதைகள், கத்தரித்த வேலிகள், நீரூற்றுகள். எல்லாம் ஒழுங்கு, எல்லாம் சமன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரசனை மாறியது. அப்பூங்கா மண்மூடி மறைந்தது. ஆயினும் 1977 முதல் 1984 வரை, அகழ்வின் துணையோடும் இத்தகைய ஓவியங்களின் துணையோடும் அதனை மீண்டும் உருவாக்கினர். மண் மறைத்ததைத் தாள் காத்துத் தந்தது!

இப்படமொன்றை வகுப்பிலே காட்டியபோது ஒரு மாணவன், "ஐயா, கொழும்பிலும் ஒல்லாந்தர் இப்படித் தோட்டம் வைத்தார்களா?" என்று வினவினான். அவன் கேள்வி என்னைச் சிந்திக்க வைத்தது.

அவர்கள் இங்கு வைத்த பெருந்தோட்டம் கண்ணுக்கன்று, கணக்குக்கு. காட்டுக் கறுவாவையே நம்பியிருந்த கம்பனிக்குக் கண்டி அரசோடு மூண்ட போர் பாடம் புகட்டியது. 1766இல் உடன்படிக்கை ஏற்பட்டபின், தேசாதிபதி ஃபால்க்கின் ஆட்சியில் மருதானையில் கறுவா பயிரிடப்பட்டது. மழையால் பட்டை நெகிழும் பருவத்தில் அதனை உரித்தவர்கள், பிறப்பினாலேயே அவ்வூழியத்திற்குக் கட்டுப்பட்டவர்கள்.

அவர்களைத் தேட வேண்டிய இடம் ஓவியமன்று, தோம்பு. குடும்பங்களையும் நிலங்களையும் மரங்களையும் கம்பனி தன் வருவாயின் பொருட்டுப் பதிந்துவைத்த ஏடுகள் அவை. அன்பு செய்து எழுதப்படவில்லை. எனினும் அம்மக்களின் பெயர்கள் அங்கே உள்ளன.

அன்பர்களே, இளவரசனின் பூங்காவைக் காட்டச் செப்புத் தகடு உண்டு. உழைத்தவன் வாழ்வை அறியவோ, வரி ஏட்டைப் பொறுமையோடு புரட்டவேண்டும். கறுவாத்தோட்டம் என்னும் பெயரை நாளும் உச்சரிக்கும் நாம், அப்பெயருக்குப் பின்னுள்ள கைகளையும் நினைத்தல் கடன்.