ஓசி மனையில் கட்டின வீடு - சொந்த வெப்சைட்டின் கதை



பொட்டி தட்டுற வேலைன்னு தெரிஞ்சா போதும், யாராவது ஒருத்தர் "தம்பி, எனக்குன்னு ஒரு வெப்சைட் போடணும், எப்படி?"ன்னு ஆரம்பிச்சுடறாங்க. பதிலை ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம்தான். ஆனா அந்த ரெண்டு நிமிஷ பதிலுக்குப் பின்னாடி முப்பது வருஷத்துக்கு மேலான ஒரு கதை இருக்கு. லட்சக்கணக்கான பேர் ஆசை ஆசையா வீடு கட்டி, ஒரே நாள்ல இடிபட்டுப் போன கதை. அது தெரிஞ்சாத்தான் 'இப்படிப் பண்ணு'ன்னு சொல்றதுக்குக் காரணம் புரியும். அதனால முதல்ல கதை, கடைசியில செய்முறை. அவசரக்காரங்க நேரா கீழே தாவிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

மூணே மூணு சாமான்

வெப்சைட்டுன்னா பெரிய சமாச்சாரம் ஒண்ணும் இல்லை. மூணு பொருள்தான் வேணும். ஒண்ணு, நீங்க எழுதின கோப்புகள். ரெண்டு, அந்தக் கோப்புகளை வைச்சுக்கிட்டு, யார் எந்த நேரத்துல கேட்டாலும் எடுத்துக் கொடுக்கற, தூங்காத ஒரு கம்ப்யூட்டர். அதுதான் சர்வர். மூணு, அந்தக் கம்ப்யூட்டருக்கு வழி காட்டற ஒரு முகவரி. 1990-லயும் இதே மூணுதான், இன்னைக்கும் இதே மூணுதான். இந்த மூணும் யார் கையில இருந்ததுங்கறதுதான் மொத்த வரலாறும்.

முதல் வெப்சைட்டைப் போட்டவர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவா பக்கத்துல இருக்கற செர்ன் அணு ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பார்த்தவர். 1989 மார்ச்சில் யோசனையை எழுதிக் கொடுத்தார். 1990 முடியறதுக்குள்ள சர்வர், பிரவுசர் ரெண்டையும் தன்னோட நெக்ஸ்ட் கம்ப்யூட்டர்லயே செஞ்சு ஓட விட்டுட்டார். உலகத்தோட முதல் வெப் சர்வர் அவரோட மேசையில இருந்த பொட்டிதான். யாராவது அணைச்சுட்டா மொத்த வெப்பும் அவுட்! அதனால அது மேல ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி, இது சர்வர், அணைக்காதீங்கன்னு சிவப்பு மையில எழுதி வைச்சிருந்தார். இன்னைக்கு லட்சக்கணக்குல சம்பளம் வாங்கிட்டு நாங்க பார்க்கற வேலையோட மூதாதை அந்தச் சீட்டுதான் :-)

இதுல இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் செஞ்ச முதல் பிரவுசர்ல பக்கத்தைப் படிக்கவும் செய்யலாம், அதுலயே எழுதவும் செய்யலாம். படிக்கறவனும் எழுதறவனும் ஒரே ஆள்ங்கறதுதான் அவரோட கனவு. ஆனா 1993-ல் அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்துல இருந்து வந்து உலகத்தையே புரட்டிப் போட்ட மொசைக் பிரவுசர் படிக்க மட்டும்தான். எழுதணும்னா தனியா மல்லுக்கட்டணும். அதே 1993 ஏப்ரல் 30-ம் தேதி, இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் காசு கொடுக்காம பயன்படுத்தலாம்னு செர்ன் அறிவிச்சது. கதவு திறந்தாச்சு. உள்ளே போய் உட்கார இடம்?

இடம் இருந்தவங்க பல்கலைக்கழகக்காரங்க. யூனிக்ஸ் கணக்கு இருந்தா, அதுக்குள்ள ஒரு அடைவு போட்டு, கோப்பை வைச்சா போதும். முகவரியில ஒரு நெளிகோடு போட்டுப் பேர் வரும். ஜஸ்டின் ஹால்னு ஒரு அமெரிக்க மாணவர் 1994 ஜனவரியில, ஸ்வார்த்மோர் கல்லூரியில படிக்கும்போது தன் பக்கத்தை ஆரம்பிச்சு, சொந்த வாழ்க்கையை எழுதித் தள்ளினார். இன்னைக்கு நாம எழுதற மாதிரி எழுத்துக்கெல்லாம் அவரை முன்னோடின்னு சொல்றவங்க உண்டு. ஆனா படிப்பு முடிஞ்சா கணக்கு போச்சு, கணக்கு போனா பக்கமும் போச்சு. கல்லூரிப் பக்கமே மிதிக்காதவங்களுக்கு அந்த வழியும் கிடையாது.

பட்டா இல்லாத மனை

1994 நவம்பர்ல டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர்னு ரெண்டு பேர் தெற்கு கலிஃபோர்னியாவுல ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. முதல்ல பெவர்லி ஹில்ஸ் இன்டர்நெட்னு பேர். அடுத்த வருஷமே ஜியோசிட்டீஸ் ஆச்சு. யாருக்கும் ஓசியில இடம்!

அவங்க அதைக் கொடுத்த விதம் பிரமாதம். வெறுமனே "உங்களுக்கு இத்தனை எம்பி"ன்னு சொல்லலை. நகர் நகராப் பிரிச்சாங்க. கம்ப்யூட்டர் பத்தி எழுதறவங்களுக்கு சிலிக்கான் வேலி, அறிவியல் புனைகதைப் பிரியர்களுக்கு ஏரியா 51, தத்துவம் படிப்புன்னு பேசறவங்களுக்கு ஏதென்ஸ், ராக் இசைக்கு சன்செட் ஸ்ட்ரிப், குடும்பக் கதைகளுக்கு ஹார்ட்லேண்ட். பிடிச்ச நகர்ல காலி மனை பார்த்து, நாலு இலக்கக் கதவு எண்ணோட குடியேறணும். அக்கம்பக்கத்து வீட்டுக்கும் எட்டிப் பார்க்கலாம். இணையம்னா என்னன்னே புரியாத காலத்துல, "இது உன் தெரு, இது உன் வீடு"ன்னு சொன்னா யாருக்குத்தான் புரியாது?

ஜனங்க குவிஞ்சாங்க. பூனைக்கு ஒரு பக்கம், குடும்ப வம்சாவளிக்கு ஒரு பக்கம், இறந்து போன பிள்ளைக்கு அஞ்சலியா ஒரு பக்கம். பின்னணியில நட்சத்திரம் மின்னும், மிடி இசை ஓடும், 'வேலை நடக்கிறது'ன்னு மஞ்சள் பலகை தொங்கும், கீழே எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணற மீட்டர். இன்னைக்குப் பார்த்தா சிரிப்பு வரும். ஆனா அதை எல்லாம் கட்டினது டிசைனர் இல்லை, கொத்தனாரும் இல்லை. நோட்பேடைத் திறந்து, அடுத்தவன் பக்கத்தோட மூலநிரலைப் பார்த்து காப்பியடிச்சுக் கத்துக்கிட்ட சாதாரண ஜனங்க. எஞ்சினியரிங் படிச்ச எனக்கு ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தின பாடத்தை, அவங்க ராத்திரி ராத்திரியா தாங்களே படிச்சிருக்காங்க.

ஓசி மனைக்கு வாடகை யார் கொடுத்தது? விளம்பரம். அதோட விவரங்களும். உறுப்பினர்கள்கிட்ட வாங்கின சொந்த விவரங்களை மத்தவங்களுக்குக் கொடுத்ததா 1998-ல் அமெரிக்க வணிக ஆணையம் ஜியோசிட்டீஸ் மேல புகார் சொல்லி, சமரசத்துல முடிஞ்சது. அதே வருஷம் ஆகஸ்ட்ல பங்குச் சந்தைக்கும் வந்தாச்சு. 1999 ஜனவரியில யாஹூ அதை வாங்கறதா அறிவிச்சது. விலை, பங்குகளா சுமார் 350 கோடி டாலர். குடியிருந்தவங்க கட்டின வீடுகளாலதான் அந்த மனைக்கே அந்த விலை. அவங்க கைக்கு வந்தது பைசா இல்லை.

அதே வருஷம் புது ஒப்பந்தம் வந்தது. நீங்க ஏத்தின எழுத்து, படம் எல்லாத்தையும் யாஹூ எப்படி வேணும்னாலும், எப்போதைக்கும் பயன்படுத்திக்கலாம்னு அர்த்தம் வர்ற மாதிரி வாசகம். ஜனங்க கொதிச்சுப் போய்ப் பக்கங்களைக் காலி பண்ண ஆரம்பிச்சாங்க. சில நாள்லயே யாஹூ வாசகத்தை மாத்தினது. ஜெயிச்சாச்சு... ஆனா தெரு, கதவு எண் எல்லாம் மெல்ல மங்கிப் போச்சு. அதுக்கு அப்புறம் வந்த சமூக வலைத்தளங்கள் பக்கம் கூட்டம் நகர்ந்தது. 2009 ஏப்ரல்ல மூடப் போறதா அறிவிப்பு. 2009 அக்டோபர் 26, ஷட்டர் இறங்கிடுச்சு. கோடிக்கணக்கான பக்கங்கள்! ஜப்பான் கிளை மட்டும் 2019 மார்ச் 31 வரைக்கும் தாக்குப் பிடிச்சது.

அறிவிப்பைப் பார்த்தவங்க சாமானை எடுத்துக்கிட்டாங்க. பார்க்காதவங்க? பழைய கடவுச்சொல்லை மறந்தவங்க? அந்தப் பத்து வருஷத்துல செத்தே போனவங்க?

ஜேசன் ஸ்காட் தலைமையில ஆர்க்கைவ் டீம்னு ஒரு தன்னார்வலர் கூட்டம் ராப்பகலா உட்கார்ந்து முடிஞ்சதை எல்லாம் அள்ளினாங்க. 2010-ல் 600 ஜிபிக்கும் மேல ஒரே மூட்டையா டோரன்ட்ல வெளியிட்டாங்க. இன்டர்நெட் ஆர்க்கைவும் தன் பங்குக்குச் சேமிச்சது. இன்னைக்கு ஜியோசிட்டீஸ்னு நாம பார்க்க முடியறதெல்லாம் இப்படி யாரோ அள்ளினதுதான். மனைக்காரன் காப்பாத்தினது இல்லை.

நம்ம வீட்டுல இன்னொரு பூட்டு

ஓசி இடங்கள்ல அப்போ தமிழ்ப் பக்கம் போட்டவங்களுக்குக் கூடுதலா ஒரு தலைவலி. எழுத்துரு! ஆளுக்கு ஒரு குறிமுறை, ஆளுக்கு ஒரு ஃபான்ட். பக்கத்தைத் திறந்தா முதல்ல 'இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்'னு வரும். இறக்கலைன்னா ஜாங்கிரி பிழிஞ்ச மாதிரி புரியாத எழுத்துக் குப்பைதான். திஸ்கி ஒரு பக்கம், 1999-ல் சென்னை மாநாட்டுக்கு அப்புறம் தமிழக அரசு ஏத்துக்கிட்ட டாம், டாப் இன்னொரு பக்கம். விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துரு கூடவே வந்த பிறகு, எ-கலப்பை மாதிரி கருவிகளும் கைக்கு வந்த பிறகுதான் யூனிகோடு மெல்ல மெல்ல ஜெயிச்சது.

இதுல இருந்து ஒரு பாடம். சர்வர் பத்திரமா இருந்தாலும், கோப்பு எந்த முறையில எழுதப்பட்டிருக்குங்கறது முக்கியம். பழைய ஃபான்ட்ல எழுதின பக்கம் கையில கிடைச்சாலும், மாத்தாம படிக்க முடியாது. நல்ல உதாரணம், 1998 பொங்கலுக்கு முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று ஆரம்பிச்ச மதுரைத் திட்டம். உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்துல இருந்து தட்டச்சு பண்ணி ஏத்தினாங்க. திஸ்கி காலத்துக் கோப்புகளை அப்புறம் யூனிகோடுக்கும் மாத்தினாங்க. கோப்புகள் எளிமையா இருந்ததால காலம் மாற மாற கூடவே மாத்திக்க முடிஞ்சது, யார் வேணும்னாலும் பிரதி எடுத்து வைச்சுக்கவும் முடிஞ்சது. அதனாலதான் இன்னைக்கும் படிக்கறோம்.

அதே காலத்துல மரத்தடி, ராயர் காப்பி கிளப்னு யாஹூ குழுமங்கள்ல நம்மாளுங்க கொட்டி எழுதினாங்க. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரோட மொத்தமா மூடியாச்சு. தனியா எடுத்து வைச்சது மட்டும்தான் மிச்சம்.

சரி, இப்ப செய்முறை

1. கோப்பு: நோட்பேடைத் திறங்க. தலைப்பு, நாலு பத்தி, ஒரு படம். எச்டிஎம்எல் அடிப்படைக் குறிகள் ஒரு பத்துப் பதினஞ்சு தெரிஞ்சா தாராளம். யூடிஎஃப்-8 முறையில சேமிக்கணும், பக்கத்தோட தலைப்பகுதியிலயும் அதைச் சொல்லணும். அப்பதான் தமிழ் ஒழுங்கா தெரியும். முதல் பக்கத்துக்கு 'இண்டெக்ஸ்'னு பேர் வைங்க. ஒரு அடைவைக் கேட்டா சர்வர் வழக்கமா தேடறது அந்தப் பேரைத்தான்.

2. சர்வர்: டிம் மாதிரி வீட்டுப் பொட்டியிலயே ஓட்டலாமான்னு கேப்பீங்க. ஓட்டலாம். ஆனா கரண்ட்டு போகும், வீட்டு இணைப்போட ஐபி எண் மாறிக்கிட்டே இருக்கும், பல இணைப்புகள்ல வெளியில இருந்து உள்ளே வரவே வழி இருக்காது. அதனால வாடகை இடம்தான் நல்லது. இந்த மாதிரி எளிய கோப்புகளுக்கு ஓசி இடமே இருக்கு. 2008-ல் வந்த கிட்ஹப் பேஜஸ், ஜியோசிட்டீஸ் நினைவா 2013-ல் ஆரம்பிச்ச நியோசிட்டீஸ் ரெண்டுமே நல்லது. கோப்பை ஏத்தினா வேலை முடிஞ்சது.

3. முகவரி: காசு செலவழிக்கணும்னா இங்கே செலவழிங்க. சொந்தமா ஒரு டொமைன் பேர் வாங்கி, அதை சர்வர் பக்கம் திருப்பி விடுங்க. டொமைனும் வருஷ வாடகைதான், கட்ட மறந்தா போயிடும். ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. நாளைக்கே இடம் கொடுத்தவன் கடையை மூடினா, கோப்பை இன்னொரு இடத்துல ஏத்திட்டு, பேரை அங்கே திருப்பி விட்டுடலாம். வாசகருக்கு வீடு மாறினதே தெரியாது. ஜியோசிட்டீஸ்காரங்களுக்கு இது முடியலை. கோப்பை எடுத்துட்டுப் போனவங்களாலயும் கதவு எண்ணை எடுத்துட்டுப் போக முடியலை. அவங்களுக்கு மத்தவங்க கொடுத்திருந்த இணைப்பெல்லாம் ஒரே நாள்ல செத்துப் போச்சு.

4. பூட்டு: முன்னாடி முகவரிக்குப் பூட்டுப் படம் வரணும்னா சான்றிதழுக்குத் தனியா காசு கட்டணும். 2015 கடைசியில லெட்ஸ் என்கிரிப்ட் வந்த பிறகு அது இலவசம். நான் மேலே சொன்ன இடங்கள் அதை அவங்களே போட்டுக் கொடுத்துடுவாங்க.

5. பிரதி: ஒண்ணு உங்க கம்ப்யூட்டர்ல, ஒண்ணு பென் டிரைவ்லயோ வேற இடத்துலயோ. வேபேக் மெஷின்லயும் உங்க முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லலாம், அதுக்கும் காசு இல்லை.

அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும்.

ஓசி இடத்துல எழுதறது தப்புன்னு சொல்ல வரலை. ஓசி மனை இல்லைன்னா அந்த லட்சக்கணக்கான பேர் எழுதியே இருக்க மாட்டாங்க. எங்கே வேணும்னாலும் எழுதுங்க. ஆனா மூலக்கோப்பு உங்க கையில, பேர் உங்க பேர்ல. இந்த ரெண்டும் இருந்தா சர்வர் யாரோடதா இருந்தா என்ன? ஷட்டர் இறங்கற அன்னைக்கு நீங்க மூட்டையைத் தூக்கிட்டுக் கிளம்பலாம்.

முதல்ல இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. இதுவரைக்கும் எழுதினதை எல்லாம் ஒரு பிரதி எடுத்து வைங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

வர்ட்டா!